ஒரு சட்டி, ஐந்து கோப்பை

நவம்பர் 11, 2024 – திங்கள்

மூன்றாந் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினோம். அன்றிலிருந்து ஸ்காபரோவில் ஐந்து மணிக்கே இரவு. இன்று பஸ்ஸால் இறங்கி நடந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சின்னவன் சட்டையில் குத்திய சிவப்புப் பொப்பியோடு வாசலிலேயே நின்றான். "அம்மா, பசிக்குது." இதுதான் முதற் சொல்.

அதன் பிறகு நடந்ததை நேரக்கணக்கோடு எழுதி வைக்கிறேன். இதை மாற்றவேண்டும் என்று இன்றுதான் முடிவெடுத்தேன்.

5.10க்கு அரிசி கழுவி அடுப்பில் வைத்தேன். அடுத்த அடுப்பில் பருப்பு. மூன்றாவதில் கோழிக்கறிக்கு வெங்காயம் வதக்கினேன். நான்காவதில் போஞ்சிப் பால்கறி. 6.25க்கு இவருக்கு, என் கணவருக்கு, கோப்பையில் போட்டுக் கொடுத்தேன். ஏழு மணிக்கு அவர் இரவு வேலைக்குப் போகவேண்டும். பிறகு சின்னவன், அவனுக்குப் பிறகு மாமி, இவருடைய அம்மா. மூத்தவள் படித்துவிட்டு ஏழரைக்குக் கீழே வந்தாள். ஒவ்வொருவருக்கும் கறியைத் திரும்பச் சூடாக்கினேன். நடுவில் சட்டிகளைக் கழுவினேன். நான் சாப்பிட்டது 8.50க்கு. கறிச்சட்டியில் ஒட்டியிருந்ததோடு சோற்றைப் பிரட்டி, நின்றபடியே.

பகல் முழுக்க முதியோர் இல்லத்தில் மற்றவர்களுக்கு உணவு ஊட்டிவிடும் வேலை எனக்கு. அங்கே ஒருவருக்கு ஊட்டும்போது நின்றுகொண்டு ஊட்டக்கூடாது; பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவர் கண் மட்டத்துக்கு இருந்துதான் ஊட்டவேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்தார்கள். சாப்பாட்டுக்கு மனிதர் மனிதரோடு இருக்கவேண்டும் என்பதை எட்டு மணித்தியாலம் செய்துவிட்டு வந்து, என் வீட்டில் ஐந்து பேரும் ஐந்து நேரத்தில் சாப்பிடுகிறோம்.

எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் என் அம்மாவும் இப்படித்தான். எல்லோரும் எழும்பிய பிறகு குசினிக்குள் பலகைக்கட்டையில் இருந்து, மிஞ்சியதைச் சாப்பிடுவா. அதைத் தியாகம் என்று சொல்லி எங்களை வளர்த்தார்கள். இப்போது எனக்கு அது சமைக்கும் முறையில் உள்ள பிழையாகத்தான் தெரிகிறது. நாலு அடுப்பில் நாலு சட்டி கொதித்தால் ஒருத்தி அதற்கு முன்னால் நிற்கத்தான் வேண்டும்.

மூத்தவளிடம் சொன்னேன். பத்தாம் வகுப்பில் அவளுக்கு உணவும் போசாக்கும் ஒரு பாடம். "எல்லாத்தையும் ஒரு சட்டிக்குள்ள போட்டு ஓவனுக்குள்ள விடலாம் அம்மா. கசரோல் எண்டு படிப்பிச்சவை. கடதாசி இருக்கு, எடுத்துத் தாறன்."

நவம்பர் 13 – புதன்

முதல் முயற்சி. மகளின் கடதாசியில் இருந்தபடியே செய்தேன், ஒன்றையும் மாற்றவில்லை. முதல் தடவை எழுதியிருப்பதை மதிக்கவேண்டும் என்பது என் கொள்கை.

கண்ணாடித் தட்டு, 9க்கு 13 அங்குலம். அடியில் ஒன்றரைக் கப் அரிசி. அதன்மேல் 284 மில்லிலீற்றர் காளான் சூப் ஒரு ரின், அதே ரின்னால் தண்ணீர். மேலே எலும்பில்லாத நெஞ்சிறைச்சி நாலு துண்டு. அலுமினியத் தாளால் மூடி 375 பாகை ஃபாரன்ஹீட்டில் ஒரு மணித்தியாலம்.

உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியபோது மணி 5.20. கையில் வேலை இல்லை. ஒரு நிமிடம் என்ன செய்வது என்றே தெரியவில்லை. பிறகு சின்னவனோடு இருந்து அவனுடைய பிரித்தல் கணக்கைப் பார்த்தேன். வார நாளில் அவனுடைய கொப்பியை நான் விரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

சாப்பாடு சரிவரவில்லை. தட்டின் நடுவில் அரிசி வெந்து, மூலைகளில் நறுக்கென்று கடிபட்டது. இறைச்சி பஞ்சு மாதிரிக் காய்ந்துவிட்டது. மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதென்ன பிள்ளை, கோழியைப் பால்கஞ்சிக்க போட்ட மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிக் கட்டைச் சம்பலை எடுத்துக்கொண்டா. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் பேசாமல் சாப்பிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சின்னவன் மட்டும் இரண்டாந் தரம் கேட்டு வாங்கினான். "உறைப்பே இல்ல அம்மா, நல்லா இருக்கு."

அரிசி ஏன் வேகவில்லை என்று இரவு இருந்து யோசித்தேன். விடை கடினமில்லை. பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். ஓவன் முதல் இருபது நிமிடமும் அந்தத் தண்ணீரைச் சூடாக்கவே செலவழிந்திருக்கும். சூப் தடிப்பு; தண்ணீர் அரிசிக்குள் இறங்க நேரம் எடுக்கும். அலுமினியத் தாளை மூலைகளில் இறுக்கி மடிக்கவில்லை. ஆவி அந்த வழியால் போய்விட்டது. அரிசியை ஊறவிடவும் இல்லை. இறைச்சி காய்ந்ததற்குக் காரணம் நெஞ்சுத் துண்டு. அதில் கொழுப்பும் குறைவு, சவ்வும் குறைவு. வெந்த பிறகு ஒவ்வொரு நிமிடமும் காயும். தொடை அப்படியல்ல. தொடையில் இருக்கிற சவ்வு நீண்ட சூட்டில் உருகிச் சாறாகும். ஊரில் கோழிக்கறியில் எல்லோரும் காலுக்கும் தொடைக்கும் போட்டி போட்டதற்கு இதுதான் காரணம்; பெயர்தான் தெரியாமல் இருந்தோம்.

இந்தச் சாப்பாட்டின் கதையையும் மகள் சொன்னாள். கசரோல் என்பது பிரெஞ்சில் பாத்திரத்தின் பெயர். பிறகு அதில் வேகிற சாப்பாட்டுக்கும் அதே பெயராயிற்று. காம்பெல் நிறுவனம் 1934இல் காளான் சூப்பை ரின்னில் விற்கத் தொடங்கியது. 1955இல் அந்த நிறுவனத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்த டோர்கஸ் ரைலி என்ற பெண், அந்தச் சூப்பையும் போஞ்சியையும் வைத்து ஒரு கசரோல் உருவாக்கினா. இன்றைக்கும் அமெரிக்க வீடுகளில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அது இருக்கிறது. அந்த அம்மா எடுத்துக்கொண்ட பொருட்கள் எல்லாம் அந்தக் காலத்தில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் இருந்தவை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். என் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். தேங்காய்ப்பால் ரின் ஆறு, வறுத்த கறித்தூள் ஒரு போத்தல், கறுவா, பெருஞ்சீரகம், காய்ந்த ரம்பை.

நவம்பர் 14 – வியாழன்

இன்று வேலையில் ஒரு மூதாட்டிக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கும்போது, வீட்டில் கசரோல் செய்ததைச் சொன்னேன். வடக்கு ஒன்ராறியோவில் பிறந்து வளர்ந்தவ. முகம் மலர்ந்துவிட்டது. அவவுடைய ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அயலவர் எல்லோரும் ஆளுக்கொரு கசரோல் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடா ஒட்டி, அதில் பெயர் எழுதியிருக்குமாம். பிறகு எந்தப் பாத்திரம் எந்த வீட்டுக்கு என்று தெரிவதற்கு. எங்கள் ஊரிலும் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம், அயலிலிருந்துதான் சாப்பாடு வரும் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப உங்களுக்கு விளங்கும்" என்றா. அவ சொன்னது ஆங்கிலத்தில். எனக்குத் தமிழில்தான் கேட்டது.

மாலை இரண்டாம் முயற்சி. தொடங்க முதலே மாமியோடு ஒரு வழக்கு.

வேலைத்தலத்தில் உணவுப் பாதுகாப்பு வகுப்பு வருடா வருடம் உண்டு. பச்சைக் கோழியைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது என்பது கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. தண்ணீர் தெறிக்கும்போது அதிலுள்ள கிருமி தொட்டியிலும், பக்கத்தில் இருக்கிற கோப்பையிலும், சலாதுக்கு வைத்த இலையிலும் படும். கிருமியைக் கொல்வது சூடு. தண்ணீர் அதைப் பரப்பத்தான் செய்யும்.

மாமி ஏற்கவில்லை. "கழுவாத கோழியை இந்த வீட்டில ஒருத்தரும் சாப்பிட்டதில்ல பிள்ளை. மஞ்சளும் வினாகிரியும் போட்டு மூண்டு தண்ணி. அப்பதான் வெடுக்குப் போகும்."

"வெடுக்குப் போறது தண்ணியால இல்ல மாமி, மஞ்சளாலயும் புளிப்பாலயும். அதை நான் விடேல்ல. பாருங்கோ."

கோப்பை ஒன்றில் தொடைகளைப் போட்டு, மஞ்சள், உப்பு, அரைத் தேசிக்காய்ச் சாறு பிரட்டிப் பத்து நிமிடம் வைத்தேன். பிறகு கடதாசித் துவாயால் ஒற்றி எடுத்துத் துவாயைக் குப்பையில் போட்டு, கையைச் சவர்க்காரத்தால் கழுவினேன். மாமி கிட்ட வந்து மணந்து பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. எழுபத்துநாலு வயதில் ஒரு பழக்கத்தை விட்டுக்கொடுப்பது சின்னக் காரியமில்லை. அதற்காக நன்றி என்று அவவிடமே சொன்னேன்.

இம்முறை சூப்புக்குப் பதில் 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால் ரின் ஒன்று. கொதிதண்ணீர் இரண்டு கப். அரிசி இரண்டு கப், ஊறவைத்தது. வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, கறித்தூள் எல்லாவற்றையும் பச்சையாகவே கண்ணாடித் தட்டில் பரப்பினேன். அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக இறுக்கினேன்.

அரிசி வெந்தது, ஆனால் குழைந்துவிட்டது. கோழியும் வெங்காயமும் விடும் தண்ணீரை நான் கணக்கில் எடுக்கவில்லை. இறைச்சி அருமை, எலும்பிலிருந்து தானாகவே கழன்றது. ருசியில்தான் ஒரு குறை, அதை இவர் சரியாகப் பிடித்தார். "தூள் பச்சை மணம் மணக்குது. நீர் வதக்கேல்லப் போல."

உண்மை. வெங்காயம் எண்ணெயில் வதங்கி, அந்த எண்ணெயில் தூள் ஒரு நிமிடம் பிரளாமல் எங்கள் சமையல் இல்லை. கறித்தூளின் மணம் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. ஆனால் கண்ணாடித் தட்டை அடுப்பில் வைத்தால் வெடிக்கும். வேறு சட்டியில் வதக்கினால் ஒரு சட்டி என்ற பேச்சே இல்லை. அடுப்பிலும் நிற்கவேண்டும், ஓவனுக்குள்ளும் போகவேண்டும். அப்படி ஒரு பாத்திரம் வேண்டும்.

மிஞ்சிய சோற்றை ஆழமில்லாத பெட்டிகளில் பரப்பி உடனே குளிரில் வைத்தேன். வெந்த சோறு வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, பிறகு சூடாக்கினாலும் போகாது.

நவம்பர் 15 – வெள்ளி

வெள்ளிக்கிழமை மரக்கறி. அத்தோடு ஐப்பசிப் பூரணை, அன்னாபிஷேகம். கந்தசட்டி ஆறு நாளும் விரதம் இருந்த களைப்பு மாமிக்கு இன்னும் தீரவில்லை, இருந்தாலும் கோயிலுக்குப் போய்வந்தா. புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும்.

நவம்பர் 16 – சனி

பழைய சாமான் கடைக்குப் போனேன். அங்கே தட்டின் கீழ் வரிசையில் ஒரு வெள்ளைப் பாத்திரம், பக்கத்தில் மூன்று நீலப் பூ. கோர்னிங்வெயர். ஏறத்தாழ ஐந்து லீற்றர் கொள்ளும், கண்ணாடி மூடியோடு. தூக்கிப் பார்த்தேன், கனம், ஆனால் வார்ப்பிரும்பளவு இல்லை.

இந்த நீலப் பூப் பாத்திரம் ஒரு தற்செயலில் பிறந்தது. 1953இல் கோர்னிங் ஆய்வுகூடத்தில் டொனால்ட் ஸ்ரூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகை செல்சியஸ் சூட்டில் வைக்க நினைத்தார். உலை பழுதாகி 900 பாகைக்கு ஏறிவிட்டது. உருகிக் குழம்பாகியிருக்கும் என்று திறந்தால், துண்டு வெள்ளையாக, உருக்குலையாமல் இருந்தது. இடுக்கியால் எடுக்கும்போது கை தவறி நிலத்தில் விழுந்தது, உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய பளிங்குகள் உருவாகி அதைப் பீங்கான் மாதிரி ஆக்கிவிட்டன. 1958இல் அதே வகைப் பொருளில் செய்த சமையல் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. சூட்டில் அது மிகமிகக் குறைவாகவே விரியும். ஆதலால் குளிரிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து ஓவனுக்கும், ஓவனிலிருந்து மேசைக்கும் போகும்.

எனக்கு வேண்டியது அதேதான். வாங்கும்போது அடியைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அடுப்பில் வைக்கலாம் என்று அச்சடித்திருப்பதை மட்டும் எடுக்கவேண்டும். இதே பெயரில் ஓவனுக்கு மட்டுமான பாத்திரங்களும் உண்டு. நான் எடுத்ததில் அச்சு தெளிவாக இருந்தது. விளிம்பில் கீறல், வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் சுற்றிவரத் தடவிப் பார்த்தேன். சுத்தம்.

நவம்பர் 17 – ஞாயிறு

நாளைக்குக் கார்த்திகையின் முதற் சோமவாரம். மாமி விரதம். ஆகவே கோழி புதனுக்குத்தான். அதற்கு வேண்டியவற்றை இன்றே ஆயத்தப்படுத்தினோம். வெங்காயம் அரிந்து பெட்டியில். உள்ளியும் இஞ்சியும் இடித்து, கரண்டி கரண்டியாகப் பிரித்து உறைகுளிரில். கரட், போஞ்சி வெட்டிப் பைகளில்.

மாமிக்கு முழங்கால் நோ. நின்று வேலை செய்ய ஏலாது. ஆனால் இருந்துகொண்டு உள்ளி உரிக்க அவவை வெல்ல ஆளில்லை. மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேரும். சின்னவனுக்குக் கறிவேப்பிலை உருவும் வேலை.

உரித்துக்கொண்டே மாமி கேட்டா, "ஒரு சட்டி, ஒரு சட்டி எண்டு சொல்லுறீர். எங்கட கூழ் என்ன பிள்ளை?"

நான் கையை நிறுத்திவிட்டேன். உண்மைதானே. ஒடியல் மாவை ஊறவிட்டுக் கசப்புத் தண்ணீரை வடித்து, பெரிய பானையில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கடைசியில் முருங்கையிலை, இடித்த செத்தல் மிளகாய், புளி. சோறும் இல்லை, கறியும் வேறில்லை. எல்லாம் ஒரு பானைக்குள். ஆளுக்கொரு பனையோலைப் பிளாவோ, மடித்த பலா இலையோ கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் பானையைச் சுற்றி இருந்து குடிப்பது.

மாமி உள்ளியைப் பார்த்தபடியே சொன்னா. "என்ர மாமியார் ஒருநாளும் எங்களோட இருந்து சாப்பிட்டதில்ல. கூழ் காய்ச்சிற அண்டைக்கு மட்டும் முற்றத்துக்கு வந்து பாயில இருப்பா. பரிமாற ஒண்டும் இல்லையெல்லே. எல்லாருக்கும் ஊத்திப்போட்டுத் தானும் ஒரு பிளா எடுப்பா. அண்டைக்குத்தான் அவ சிரிச்சு நான் பாத்தது."

மூத்தவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் அப்பம்மா ஒவ்வொரு நாளும் கூழ் காய்ச்சேல்ல?" என்று கேட்டாள். மாமியிடம் அதற்கு விடையில்லை. என்னிடமும் இல்லை.

நவம்பர் 18 – திங்கள்

மாமிக்கு இரவு மட்டும் ஒருநேரச் சாப்பாடு. மற்றவர்களுக்கும் மரக்கறிதான். வேலையில் ஆள் குறைவு. கால் இரண்டும் நோ. வேறு எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 20 – புதன்

சரிவந்துவிட்டது.

5.00க்கு வீடு. வந்த கையோடு ஓவனை 375க்கு மூட்டி, அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி ஊறவிட்டேன். கோழிக்கு மஞ்சள், உப்பு, தேசிக்காய். நீலப் பூப் பாத்திரத்தை நடுத்தரச் சூட்டில் வைத்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். பெருஞ்சீரகம், கறுவா, ரம்பை, கறிவேப்பிலை, வெங்காயம். இந்தப் பாத்திரம் நடுவில் கூடச் சுடும், ஓரத்தில் குறையச் சுடும். அகப்பையை விடாமல் கிளறவேண்டும், சூட்டைக் கூட்டி அவசரப்படக்கூடாது. வெங்காயம் பொன்னிறமானதும் உள்ளி, இஞ்சி. பிறகு ஒன்றரை மேசைக்கரண்டி கறித்தூள், ஒரு நிமிடம் மட்டும். மணம் எழும்பியதும் மாமி தன் அறையிலிருந்து, "ஆ, இப்பதான் வீடு வீடா மணக்குது" என்று குரல் கொடுத்தா.

தேங்காய்ப்பால், ஒன்றேகால் கப் கொதிதண்ணீர், உப்பு. அது கொதிக்கத் தொடங்கியபிறகுதான் வடித்த அரிசியும் மரக்கறியும். மேலே தொடைத் துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். மூடியின் கீழே அலுமினியத் தாள், அதன்மேல் மூடி. ஓவனுக்குள் போகும்போது 5.25.

சின்னவனுக்கு உறைப்பு ஆகாது என்பது இந்த வீட்டில் பெரிய சிக்கல். அவனுக்கென்று தனிக் கறி வைக்காத நாளே இல்லை. இதில் அது தானாகவே தீர்ந்தது. ஓவனுக்குள் ஒருவரும் கிளறுவதில்லையே. ஆறு துண்டுக்கு மிளகாய்த்தூள் கூடப் பிரட்டினேன். இரண்டுக்கு மிளகும் உப்பும் மட்டும், அவை கைபிடிப்பக்கம். வைத்தது வைத்த இடத்திலேயே வெந்தன.

நாற்பது நிமிடம் மூடி, பத்து நிமிடம் மூடி இல்லாமல். தடித்த துண்டொன்றில் எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தினேன். கோழித் துண்டுக்கு 74 பாகை செல்சியஸ் வந்தால் போதும் என்பது விதி. இது 85 காட்டியது. தொடைக்கு அவ்வளவு ஏறினால்தான் சவ்வு உருகி மெதுமையாகும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டேன். அந்த நேரத்தில் அரிசி மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிப் பிரிந்து நின்றது. அடியில் மெல்லிய பொருக்கு, பொன்னிறத்தில். அதற்குப் பிள்ளைகள் இருவரும் சண்டை பிடித்தார்கள்.

பாத்திரத்தோடு மேசை நடுவில் வைத்தேன். நான் வழக்கம்போல நின்றுகொண்டு இவருக்குப் போடப் போனேன். "அது நடுவிலதானே கிடக்கு, நாங்கள் எடுப்பம். நீர் இரும்" என்றார்.

இருந்தேன். மணி 6.22.

சோறு சூடாக இருந்தது. திருமணமாகிப் பதினேழு வருடத்தில், வார நாளில் ஆவி பறக்கிற சோற்றை மேசையில் இருந்து சாப்பிட்டது எனக்கு நினைவில் இல்லை. நான் நன்றாகச் சமைப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். என் சமையல் சூட்டோடு எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாமி சம்பலைத் தேடவில்லை. "இது ஓவன் கூழ்" என்றா.

நவம்பர் 21 – வியாழன்

இன்று பஸ் பிந்திவிட்டது. 5.20க்கு மூத்தவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் தொடங்கிட்டன் அம்மா. அப்பம்மா பக்கத்தில கதிரை போட்டிருந்து சொல்லித் தாறா. நீங்கள் ஆறுதலா வாங்கோ." நேற்றைக்கு நான் செய்ததை அவள் பார்த்தது ஒருதரம். அதுவே போதுமாக இருந்தது. சோறும் மூன்று கறியும் என்றால் இந்த வயதில் அவளிடம் விடமாட்டேன், விடவும் கூடாது.

வீட்டுக்கு வந்தபோது பாத்திரம் ஓவனுக்குள். மேசையில் கோப்பைகள் வைத்திருந்தான் சின்னவன்.

வேறு வீடுகளிலும் என்னைப்போல் எட்டு மணிக்கு மேல் நின்று சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். தங்கச்சி லண்டனில் அப்படித்தான். அவளுக்கு அனுப்ப அளவுகளை இங்கே எழுதுகிறேன்.

ஐந்து பேருக்கு: தோல் நீக்கிய, எலும்போடு கோழித் தொடை எட்டு. பாஸ்மதி இரண்டு கப், இருபது நிமிடம் ஊறி வடித்தது. தேங்காய்ப்பால் 400 மில்லிலீற்றர். கொதிதண்ணீர் ஒன்றேகால் கப். இதற்கு மேல் ஒரு கரண்டியும் வேண்டாம், கோழி தன் தண்ணீரைத் தானே தரும். பெரிய வெங்காயம் இரண்டு, உள்ளி எட்டுப் பல், இஞ்சி ஒரு துண்டு. கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி. உப்பு இரண்டு தேக்கரண்டி, கோழிக்குப் பிரட்டுவதையும் சேர்த்து. கரட்டும் போஞ்சியும் ஒரு கப். 190 பாகை செல்சியஸ், அவளுடைய ஓவன் அந்தக் கணக்கில்தான் இருக்கும். மூடி நாற்பது, திறந்து பத்து, வெளியே ஐந்து. நடுவில் திறந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் ஆவி போய்விடும், அரிசி கடிபடும். அடுப்பிலும் ஓவனிலும் நிற்கிற பாத்திரம் இல்லையென்றால், தாச்சியில் வதக்கி ஓவன் தட்டில் ஊற்றலாம். கழுவ ஒரு சட்டி கூடும், அவ்வளவுதான்.

6.20க்கு ஐந்து பேரும் மேசையில் இருந்தோம். இவர் ஏழு மணிக்கு வேலைக்குப் போகமுதல் பாத்திரத்தையும் ஐந்து கோப்பையையும் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.